கண் விழித்ததும் தொட்டுப் பார்த்தேன்

சிறுநீரில் ரத்தம் போவதை நான் மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, எரிச்சல் இல்லை. எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் இப்படி முன்னே பின்னே வருவது வழக்கம்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இதைப் படிக்கிற பெண்களில் யாராவது இதே முடிவில் இருந்தால் இன்றைக்கே ஒரு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். நான் எழுத உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஆஸ்பத்திரியில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்த சந்திரோ என்ற பெண்.

டில்லியில் ஓர் அமைச்சகத்தில் நான் ஸ்டெனோகிராபராக இருந்தேன். கிட்வாய் நகரில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட குவார்ட்டர்ஸ். சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துப் பக்கம். கல்யாணம் நடக்கவில்லை, அதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது, தட்டிக்கொண்டே போனது, பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். ரிங் ரோட்டில் புதிது புதிதாக மேம்பாலங்கள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பஸ் தினமும் வேறு வேறு வழியில் சுற்றிப் போகும். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆபீஸ் போனதும் முதலில் பாத்ரூம் போக வேண்டும் என்ற ஒரே நினைப்போடு போய்க்கொண்டிருந்தேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் காலையில் ரத்தம் கட்டியாக வந்து அடைத்துக்கொண்டது. சிறுநீர் ஒரு சொட்டு இறங்கவில்லை. அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. ஆட்டோ பிடித்து அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரப்பர் குழாய் போட்டு இறக்கிவிட்டார்கள். இறங்கியது முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. அதைப் பிடித்த நர்ஸ், கேரளத்துப் பெண், பாத்திரத்தைச் சட்டென்று துணியால் மூடினாள். அந்த மூடலில்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பிறகு பரிசோதனைகள். கையில் ஊசி வழியாக ஒரு மருந்தை ஏற்றி, அது சிறுநீரகத்திலிருந்து இறங்குவதைப் படம் பிடித்தார்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுவதும் கொதிநீர் ஊற்றினாற்போல ஒரு சூடு ஓடியது. இன்னொரு நாள் மயக்கம் கொடுத்து, சிறுநீர் வரும் வழியாகவே விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை விட்டு, உள்ளே பார்த்து, ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. நீளமான பெஞ்சுகள், கையில் அட்டை நம்பர், சுவரெல்லாம் எண்ணெய்த் தலைகள் சாய்ந்த கறை. எல்லோரோடும் இரண்டு மூன்று பேர் வந்திருப்பார்கள். ரொட்டியை மடித்துச் சாப்பிடுவார்கள், ஸ்வெட்டர் பின்னுவார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள். கதவருகில் நிற்கும் சிப்பந்தி என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "மரீஜ் கே ஸாத் கௌன் ஹை?" என்று கேட்பான். நோயாளியோடு வந்தது யார் என்று அர்த்தம்.

"நான்தான் நோயாளி. நான்தான் கூட வந்தவளும்" என்றேன் ஒருமுறை, இந்தியில். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே போய், கையைக் காட்டிப் படுத்தபிறகு அழுகை வந்தது.

முடிவு வந்த அன்று, "உறவுக்காரர் யாராவது வந்தால்தான் பேச முடியும்" என்று சொல்லிவிட்டார்கள். தபால் ஆபீஸுக்குப் போய்த் தம்பி சுப்பையாவுக்குத் தந்தி கொடுத்தேன். அவன் ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவன். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. யாரிடமோ கடன் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நான்காம் நாள் டிசம்பர்க் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்து இறங்கினான்.

டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவன் நேரே குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகத்தைக் கழுவினான். பிறகு என்னிடம் வந்தான்.

"யக்கா, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லுதாரு. சின்னக் கட்டியாம். எடுத்துட்டா சரியாப் போயிருமாம்."

"கேன்சரா?"

"சேச்சே. அப்படில்லாம் சொல்லலக்கா."

"ஏலே, என் ரிப்போர்ட்ட நானே படிச்சிட்டேன். இங்கிலீஷ்லதான எழுதிருக்கு. நான் தெனம் அதத்தான அடிக்கேன்."

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் நான்தான் அவன் தோளில் கை வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நானே டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் நரைத்த, குள்ளமான மனிதர். பேசும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவார். நான் குறிப்பு நோட்டையும் பென்சிலையும் எடுத்ததைப் பார்த்து, "என்ன இது?" என்றார்.

"சுருக்கெழுத்து, சார். நீங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு அறைக்குப் போனால் மறந்துவிடும். எழுதிக்கொள்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாக, நான் எழுதும் வேகத்துக்கு ஏற்றபடி சொன்னார். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அவர் சொன்னது இதுதான்: சிறுநீர்ப்பையின் உள்சுவரில் தோன்றிய புற்று அதன் தசைக்குள் இறங்கிவிட்டது. சுரண்டி எடுத்தால் போதாது, பையையே எடுக்க வேண்டும். பெண்களுக்கு அதை ஒட்டி இருக்கும் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுப்பது வழக்கம். பக்கத்தில் நின்ற இளைய டாக்டர், "எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். அவர் தாளில் எழுதிக்கொண்டார். எழுதி முடிக்கும்வரை நிமிரவில்லை.

சிறுநீர்ப்பை இல்லாமல் சிறுநீர் எங்கே போகும் என்று கேட்டேன். குடலிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, ஒரு நுனியை மூடி, சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு குழாய்களையும் அதில் தைத்து, மறு நுனியை வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே கொண்டுவந்து விடுவார்களாம். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக அதில் இறங்கும். ஆயுள் முழுக்க.

"இன்னொன்று இருக்கிறது," என்றார். "வயிற்றைத் திறந்ததும் முதலில் பையைத் தொடமாட்டோம். இடுப்புக்குள் ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கிற சின்னச் சின்ன முடிச்சுகளைத்தான் எடுப்போம்."

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும் அல்லவா, அந்த நெறி மாதிரிதான் இவையும். உடம்பில் கெட்டது எது ஓடினாலும் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும் காவல் இடங்கள். புற்று பையைத் தாண்டினால் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய்த் தங்குமாம். சந்தேகமாக இருப்பதை அங்கேயே உறைய வைத்து, சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

"அங்கே பரவி இறுகிப்போயிருந்தால், பையை எடுத்துப் பயனில்லை. உங்களை வீணாகச் சிரமப்படுத்தமாட்டேன். மூடிவிடுவோம்."

"எனக்கு எப்படித் தெரியும், சார்? யாரும் எனக்கு உண்மை சொல்லமாட்டார்கள்."

அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கண் விழித்ததும் வலது பக்கம் தொட்டுப் பாருங்கள். பை இருந்தால் நான் என் வேலையை முடித்திருக்கிறேன்."

ஜனவரி முதல் வாரத்தில் வார்டில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டு, நான்கு மணியிலிருந்து ஆறு மணிவரைதான் ஆண்கள் வரலாம். சுப்பையா காலையிலேயே வந்து வெளியே புல்வெளியில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவான். ஊரில் அடுப்படிப் பக்கமே போகாதவன், என் குவார்ட்டர்ஸ் ஸ்டவ்வில் கஞ்சி வைத்துத் தூக்கில் கொண்டுவருவான். பஸ் நம்பரைக் கண்டக்டரிடம் சொல்லத் தெரியாமல் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு நீட்டுவான். முதல் நாள் கஞ்சியில் உப்பு இல்லை. இரண்டாம் நாள் உப்பு மட்டும்தான் இருந்தது. இரண்டு நாளும் முழுவதும் குடித்தேன்.

சந்திரோ என் பக்கத்துக் கட்டில். ரோத்தக் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது வயது இருக்கும். என்னைவிட ஒரு முழம் உயரம். குரல் வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும். ஹுக்கா பிடிக்க முடியவில்லை என்பதுதான் அவளுடைய பெரிய குறை. "வியாதியை விடு பஹன், வாய் நமநமங்குது" என்பாள். பஹன் என்றால் சகோதரி. அவளுக்கும் என்னுடைய வியாதிதான். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உள்ளே புண், அறுக்கணும், ஒருவேளை வயிற்றில் பை வைப்பார்கள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அந்தப் பையை நினைத்துத்தான் பயந்தாள். இந்தியில் தைலீ என்பார்கள்.

"தைலீயோட எப்படி எருமை கறக்கிறது? குனிஞ்சா கொட்டிடாதா? சம்பந்தி வீட்டுக்குப் போனா நாறாதா?"

எனக்கும் அதே கேள்விகள்தான். எருமைக்குப் பதில் டைப்ரைட்டர்.

அவளுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எனக்கு அடுத்த வெள்ளி. காலை எட்டு மணிக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இத்தகைய அறுவைக்கு ஆறேழு மணி நேரம் ஆகும் என்று என் நோட்டில் எழுதியிருந்தேன். பதினொன்றரைக்கே வார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, வயிற்றை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். கட்டு இருந்தது, வேறொன்றும் இல்லை.

"கோம்தி பஹன்! தைலீ வைக்கலே! பாரு, தைலீயே இல்லே!"

என் பெயர் கோமதி. வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். அன்று நான்கு மணிக்கு அவள் புருஷன் பல்பீர் வந்தார். பெரிய தலைப்பாகை, மண் ஒட்டிய செருப்பு. லட்டு வாங்கிவா என்று அவரை உடனே திருப்பி அனுப்பினாள். அவர் வாங்கி வந்தார். எல்லாக் கட்டிலுக்கும் அவளே பெயர் சொல்லிக் கொடுக்கச் சொன்னாள். எனக்கு ஆபரேஷனுக்கு முந்திய திரவ உணவு ஆரம்பிக்கவில்லை. அதனால் சாக்குச் சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பல்பீர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாலேயே கெஞ்சினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த வாரம் நான் பேசாமலே கழித்தேன். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். "நீ எதுக்கு இப்படி வாடிப்போறே? எனக்கு வைக்கலியே, உனக்கும் வைக்கமாட்டாங்க, பாரு" என்று தைரியம் சொல்வாள். பை வேண்டாம் என்றுதான் எனக்காகவும் வேண்டிக்கொண்டாள், அதன் அர்த்தம் தெரியாமல். சுப்பையாவிடம் சொல்லலாம் என்றால் அவன் ஏற்கெனவே பாதியாகிவிட்டான். எனக்கு நான்கு பாட்டில் ரத்தம் வேண்டும் என்றார்கள். அவன் ஒன்று கொடுத்தான், ஆபீஸிலிருந்து இருவர் வந்து கொடுத்தார்கள். நான்காவதை பல்பீர் கொடுத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. சுப்பையா பாஷை தெரியாமல் ரத்த வங்கி ஜன்னலில் கையைக் காட்டி நின்றதைப் பார்த்து, அவனை ஒதுக்கிவிட்டுத் தானே உள்ளே போனாராம்.

வியாழக்கிழமை மாலை நர்ஸ் வந்து, பாவாடை நாடா எங்கே கட்டுவேன் என்று கேட்டு, அதற்குக் கீழே வலது பக்கத்தில் மையால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். பை உட்காரும் இடம். அந்தக் குறியை இரவு முழுக்க விரலால் தடவிக்கொண்டிருந்தேன். பிள்ளையாரப்பா, இந்த இடத்தில் ஓட்டை விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதல் அவருக்கும் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு எனக்குத் தெரிந்தது மூக்கில் ஒரு குழாய், வாயில் பஞ்சு போன்ற வறட்சி, தூரத்தில் ஒரு ட்ரே விழும் சத்தம். மணி என்ன, பகலா இரவா, தெரியவில்லை. கை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்து, நகர்த்தி, போர்வைக்குள் விட்டேன். வழுவழுவென்று ரப்பர். அதற்குள் வெதுவெதுப்பு. என் சிறுநீரின் சூடு அது. அழுத்திப் பார்த்தேன், அசைந்தது. மறுபடி தொட்டேன். மறுபடியும். "இருக்கு, இருக்கு" என்று நான் தமிழில் சொல்லிக்கொண்டே சிரித்ததாகப் பிறகு நர்ஸ் சொன்னாள். எனக்கு அது நினைவில்லை. ரப்பரின் வெதுவெதுப்பு மட்டும் நினைவிருக்கிறது.

அடுத்த பத்து நாட்களைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். வெட்டுக்காயம் தொப்புளிலிருந்து அடிவரை. இருமினால் உயிர் போகும். குடல் வேலை செய்யத் தொடங்கும்வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது. ஐந்தாம் நாள் வயிற்றில் காற்று பிரிந்தபோது வார்டு நர்ஸ் கைதட்டினாள். சந்திரோவுக்குக் காயத்தில் சீழ் பிடித்ததால் அவளும் வார்டிலேயே இருந்தாள். என் பையைக் கண்டு உச்சுக் கொட்டினாள். "பேச்சாரி, பாவம்! உனக்கு வெச்சுட்டாங்களே" என்று என் தலையைத் தடவினாள். தினமும் காலையில் கட்டிலைப் பிடித்து நடந்து வந்து, போர்வையைத் தூக்கச் சொல்லி, பையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். வேடிக்கை பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய பரிதாபத்தை அப்படியே வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பன்னிரண்டாம் நாள் டாக்டர் வந்தார். திரையை இழுத்துவிட்டு, கடிகாரத்தைக் கழற்றினார்.

"முழு ரிப்போர்ட் வந்துவிட்டது. ஆபரேஷன் மேஜையில் பார்த்தபோது நெறிகள் சுத்தமாகத் தெரிந்தன. இப்போது எல்லாவற்றையும் சீவிப் பார்த்ததில் ஒன்றில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு."

"ஒன்றில்."

"ஒன்றில். அதையும் எடுத்தாகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் நீங்கள் பிழைத்துக்கொள்வீர்கள். அதைத் தாண்டி எங்காவது போயிருந்தால் ஒன்றிரண்டு வருஷத்தில் தெரியும். நெறியில் இருந்தும் பல வருஷம் இருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இல்லாமல் போனவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்வீர்கள் என்பதால் சரியாகச் சொல்கிறேன்."

நான் அன்று எழுதிக்கொள்ளவில்லை.

மறுநாள் சுப்பையா கிளம்பினான். லீவு முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அவன் பெண்சாதிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. நான்தான் போகச் சொன்னேன். ஒரு நெறியில் இருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

"யக்கா, கூடப்பிறந்தவன் இப்படிப் பாதியில விட்டுட்டுப் போறனேன்னு நெனைக்காத."

"போடா. எனக்கு ஒரு பை வந்தாச்சு, உனக்கு ஒரு பய வரப்போறான். போய்ப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். ஸ்வெட்டரைக் கழற்றி என் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டான். கடன் வாங்கியது என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. அதன்பிறகு நான்கு மணிக்கு மணி அடித்ததும் எல்லாக் கட்டிலுக்கும் ஆட்கள் வருவார்கள். நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். தூங்குகிறவளைப் பார்த்து யாரும் பாவப்படமாட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் சந்திரோவை வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டார்கள், பல்பீர் மாலையில்தான் வருவார். வெயில் நன்றாக அடித்தது. இருவரும் மெல்ல நடந்து வராந்தா பெஞ்சுக்குப் போனோம். அவள் முந்தானையிலிருந்து காகிதத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"நீ அங்ரேஜி படிச்சவ. படி."

ஒரே பக்கம். பெயர், வயது, சேர்த்த தேதி. நான் இந்தியில் வரிவரியாகச் சொன்னேன். அடுத்த வரியில், இடுப்பு நெறிகளில் பரவி ரத்தக் குழாயோடு ஒட்டிப்போயிருந்ததால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் மூடப்பட்டது, கதிர் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது என்று இருந்தது. நான் தேதியிலேயே நின்றேன்.

"மேலே?"

"மேலே மருந்து பெயர்கள்..."

"போதும்," என்று அவள் காகிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "உனக்குப் பொய் சொல்ல வராது. எனக்குத் தெரியும் பஹன்."

"யார் சொன்னாங்க?"

"நீதான்."

"நானா?"

"அன்னிக்கு உன்னைக் கொண்டுவந்து போட்டாங்களே. மயக்கம்கூடத் தெளியலே. அதைத் தொட்டுத் தொட்டுச் சிரிச்சே. என்ன பாஷையோ, என்னவோ சொல்லிச் சொல்லிச் சிரிச்சே. வயித்துலே ஓட்டை போட்டதுக்கு யாராவது சிரிப்பாங்களா? பயித்தியமான்னு முதல்லே நெனச்சேன். அப்புறம் ராத்திரி முழுக்க யோசிச்சேன். என் ஆள் லட்டு வாங்கிட்டு வந்தாரே, அவர் ஒண்ணுகூட வாயிலே போடலே. அப்போ உறைக்கலே."

"சந்திரோ, நான்..."

"தினம் வந்து உன் தைலீயைப் பார்த்தேனே, எதுக்குன்னு நெனச்சே? பொறாமை, பஹன். பொறாமை."

அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். பெரிய, காய்ப்புக் காய்த்த கை. மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் இருந்தது, எதற்கென்று கேட்பது? பிழைக்கப் பார்த்ததற்கா? அப்போது எனக்கும் ஒரு நெறியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உலகத்தில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"ஒண்ணுதானே? ஒண்ணை எடுத்துப் போட்டுட்டாங்க இல்லே?" என்றாள். பிறகு, "என் ஆள்கிட்டே எனக்குத் தெரியும்னு சொல்லிடாதே. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு மறைக்கிறார்."

மாலையில் பல்பீர் வந்தார். சந்திரோ வாசல்வரை சத்தமாகப் பேசிக்கொண்டே போனாள். என் குவார்ட்டர்ஸ் முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

நான் பிப்ரவரியில் வீடு வந்தேன். கதவைத் திறந்ததும் சுப்பையா தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்த கஞ்சிப் பாத்திரம் அடுப்படியில் இருந்தது. பையை மாற்ற நானே கற்றுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று, சிவப்பாக, ரோஜா மொக்கு மாதிரி இருக்கும் அந்தக் குடல் நுனியைத் துடைத்து, பசை தடவி, வட்டத்தைப் பொருத்தி, பெல்ட்டை இறுக்க வேண்டும். முதல் மாதம் மூன்று முறை பஸ்ஸில் கசிந்தது. ஒருமுறை பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். ஆபீஸில் என் நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். டிக்டேஷனுக்குப் போனால் கதவருகில் உட்காருவேன். தமிழ்க்காரர்கள் கூடும் கல்யாணம், கச்சேரி, ஆர்.கே.புரம் மலைமேல் முருகன் கோயில், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. நானேதான் ஒதுங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து இரவுவரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் போன நாட்கள் உண்டு. ஒருநாள் என் குரல் இருக்கிறதா என்று பார்க்கப் பால்காரனிடம், "அண்ணா, இன்னிக்கு ரொம்பக் குளிர் இல்லே?" என்று கேட்டேன். மே மாதம். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஒவ்வொரு முறையும் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, வயிற்றை அழுத்தி, "இன்னும் ஒன்றும் தெரியவில்லை" என்பார் டாக்டர். அந்த 'இன்னும்' என்ற சொல்லோடு அடுத்த மூன்று மாதம் குடித்தனம் நடத்துவேன்.

அந்த வருஷம் மழை முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. பல்பீர். தலைமுடி மழித்திருந்தார். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு நாள் ஆச்சு," என்றார். "கதிர் கொடுத்தாங்க. கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்தா. ஹுக்கா கேட்டா. கொடுத்தேன்."

"நல்லது செஞ்சீங்க."

"அவளுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்னு கடைசியிலே சொன்னா. உங்களுக்கும் ஒண்ணுலே இருந்ததுன்னு சொன்னா."

"ஆமாம். ஒண்ணுலே."

நான் பயந்திருந்த கேள்வி இப்போது வரும் என்று காத்திருந்தேன். ஒரே வியாதி, ஒரே வார்டு, ஒரே டாக்டர். உன்னுடையது ஏன் கண்ணுக்குத் தெரியாத புள்ளி, அவளுடையது ஏன் குழாயோடு இறுகிய கட்டி? டாக்டரிடமே ஒருமுறை கேட்டிருக்கிறேன், தெரியாது என்றார்.

அவர் அதைக் கேட்கவில்லை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"வருஷத்துக்கு ஒரு கார்டு போடுங்க. இருக்கேன்னு மட்டும் எழுதினாப் போதும். எனக்குப் படிக்கத் தெரியாது. ஸ்கூல் மாஸ்டர் படிச்சுச் சொல்வார்."

"எதுக்கு?"

"அவ கேட்டுக்கிட்டா. உங்களுக்கு எப்படி ஆச்சுன்னு தெரியணும்னு."

வருஷா வருஷம் ஜனவரியில், ஆபரேஷன் நடந்த வாரத்தில், ஒரு கார்டு வாங்குவேன். என் இந்தி எழுத்து கோணலாக இருக்கும். பெயர், ஊர், அப்புறம் 'இருக்கிறேன்' என்பதற்கு இந்தியில் இரண்டு சொல். பதில் வந்ததில்லை. அது போய்ச் சேர்கிறதா, மாஸ்டர் இன்னும் அந்த ஊரில் இருக்கிறாரா, பல்பீரே இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. போன வாரம் ஏழாவது கார்டைப் போட்டேன்.